பழைய பவுண்டன் பேனைகளை வீட்டில் திருத்துதல்

பாரிஸ் லாசப்பலில் கைத்தொலைபேசி திருத்தக் கடைகள் பல உண்டு. பேனை திருத்துகிற கடையை நான் கண்டதில்லை. அப்பாவின் பார்க்கர் 51 என் கைக்கு வந்தபோது அதை நானே திருத்தப் பழக வேண்டியிருந்தது. 1995 இடம்பெயர்வில் சட்டைப் பையில் குத்தியபடி அவர் கொண்டுவந்த பேனை அது. அதைத் தொடுவதற்கு முன் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வான்வ், சாந்துவான் பழைய பொருட் சந்தைகளில் மலிவாகக் கிடைத்த பேனைகளில் கைபழகினேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு தொகுக்கிறேன்.

முதலில் பேனை எதனால் செய்யப்பட்டது என்று அறிய வேண்டும். இதைப் பாராமல் தண்ணீரில் போடுவதுதான் எல்லோரும் விடும் பிழை, நானும் விட்டேன். 1920களைச் சேர்ந்ததாகத் தோன்றிய ஒரு கறுப்பு எபனைட் பேனையை இரவு முழுதும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டேன். காலையில் அது சாணிப் பச்சையும் மண்ணிறமுமாகக் கிடந்தது. எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். வெளிச்சத்தில் பழுதான மேற்பரப்பில் தண்ணீர் பட்டால் நிறம் இப்படி மாறிவிடும், கழுவினால் திரும்பாது. பாற்புரதத்தில் செய்த கேசின் பேனைகள் தண்ணீரில் ஊதிப் பருக்கும். செலுலாயிட் தண்ணீரைத் தாங்கினாலும் நெருப்பைத் தாங்காது, சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆகவே லைட்டரோ அடுப்போ கிட்டவும் வரக்கூடாது.

பழைய பேனைகளில் அநேகமானவை எழுதாததற்குக் காரணம் உள்ளிருக்கும் றப்பர்ப் பைதான். ஷீஃபர் 1908 இல் காப்புரிமை பெற்ற நெம்புகோல் முறையில், பக்கத்திலுள்ள சிறு கோலைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு பையை நசுக்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். பல பத்தாண்டுகளில் அந்தப் பை காய்ந்து அப்பளமாக நொறுங்கிவிடும், அல்லது உருகித் தாராகிவிடும். கோல் அசையாவிட்டால் பலம் பிரயோகிக்கக்கூடாது, முறிந்துவிடும். நிப்பு செருகியிருக்கும் கழுத்துப் பகுதியை ஹெயார் டிரையரின் மெல்லிய சூட்டில் காட்டி, கையில் பிடிக்கக்கூடிய சூட்டைத் தாண்டாமல், பொறுமையாகத் திருகி அசைத்து எடுக்க வேண்டும். ஒரு பின்னேரம் முழுக்கப் போகலாம். பிறகு பழைய பையைச் சுரண்டி எடுத்து, அளவான புதுப் பையை நறுக்கி, கழுத்தின் முனையில் அரக்கு பூசி ஒட்ட வேண்டும்.

ஏன் அரக்கு? கடையில் விற்கும் உடன் ஒட்டும் பசை இன்னும் இறுக்கமாகப் பிடிக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதுதான் சிக்கல். அரக்கு இளஞ்சூட்டில் இளகும்; நாளை இன்னொருவர் இதே பேனையைச் சேதமில்லாமல் திறக்கலாம். மற்றப் பசை போட்டால் அடுத்த திருத்தம் உடைத்துத்தான் செய்ய வேண்டும். மென்பொருளில் பத்து வருடமாக வேலை செய்கிறவனுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. பூச்சியிலிருந்து நம் நாட்டுப் பக்கம் எடுக்கும் அதே அரக்குத்தான் இங்கு தளபாடம் மெருகிடுவோரிடம் செதில்களாகக் கிடைக்கிறது, எரிசாராயத்தில் கரைத்துக்கொள்ளலாம். இதே அரக்கைப் பிணைப்பாகக் கொண்ட 'இந்தியன் இங்க்' என்னும் சித்திர மையை மட்டும் பேனைக்குள் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துவிடும்.

பிரான்சில் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வோட்டர்மன் நிறுவனம் 1950களில் நொடித்தபோது பெயரைக் காப்பாற்றியது பாரிஸின் ஜிஃப்-வோட்டர்மன் கிளைதான். 1953 இல் அது வெளியிட்ட சி.எஃப். என்ற அழகான பேனை இங்கு அடிக்கடி கண்ணில் படும். அதற்குரிய மைக்குழல்களை இப்போது செய்வதில்லை. இன்றைய குழல் பொருந்தவும் மாட்டாது. அழகுக்கு வாங்கலாம், எழுத வேண்டுமானால் யோசித்து வாங்குங்கள்.

நம்மவர் பேனைகள் இதைவிடச் சுலபம். திருவள்ளூர் ரங்கா போன்றோர் எபனைட் தண்டைக் கடைந்து செய்யும் பேனைகளும், சென்னை ஜெம் கம்பெனியின் காமா பேனைகளும் பெரும்பாலும் சொட்டுக்குழாயால் நேரே உடலுக்குள் மை ஊற்றுபவை. பையே இல்லை, ஆகவே பழுதாகவும் ஒன்றுமில்லை. மரையில் கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் தடவினால் ஒழுகாது.

மை இறுகியிருந்தால் குளிர்ந்த தண்ணீரும் பொறுமையுமே போதும். போதாவிட்டால் ஒரு பங்கு வீட்டு அமோனியாவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். நிறம் வெளுக்கும் ஜாவெல் திரவத்தோடு அமோனியாவை ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சு வாயு வரும்.

இனி பார்க்கர் 51. 1941 இல் விற்பனைக்கு வந்தது. 1948 முதல் வந்த வகையில் பை றப்பரல்ல, பிளாஸ்டிக். எனவே பல பேனைகளில் அது இன்றும் நலமாக இருக்கும். நிப்பை மூடிய கூட்டைக் கழற்ற அவசரப்படத் தேவையில்லை. முனையைத் தண்ணீரில் வைத்து, உள்ளேயுள்ள தகட்டைப் பலதரம் அமத்தி அமத்தி விட வேண்டும். அப்பாவின் பேனையிலிருந்து முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் கோப்பைத் தண்ணீர் நீலமாயிற்று. அவர் கடைசியாக நிரப்பிய மை. அதை ஊற்ற மனம் வராமல் இரண்டு நாள் யன்னலோரம் வைத்திருந்தேன்.

நிப்பைப் பத்து மடங்கு கண்ணாடியில் பார்த்தேன். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவர் பேனையைச் சற்றுச் சரித்துப் பிடித்து எழுதுவார். பொதுவான அறிவுரை, நுண் உரைதாளில் நாலைந்து இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம் என்பது. முனையில் உருக்கி ஒட்டியிருக்கும் கடின உலோகம் ஒரு மணியளவே. அது போனால் மென்மையான தங்கந்தான் மிச்சம். நான் அந்த நாலைந்து இழுப்பும் இழுக்கவில்லை. என் பிடிக்கு அது கடதாசியைக் கீறுகிறது. அவரைப் போலச் சரித்துப் பிடித்தால் கீறுவதில்லை.