பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னது ஏன்?



போன வாரம் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், நடுவில் அவள். "சார், இது நாபா பள்ளத்தாக்கு. ஆபீஸ்ல எல்லாரும் ஒயின் ருசி பார்க்க வந்திருக்கோம். ஏகப்பட்ட வகை வச்சிருக்காங்க, எதை எடுக்கிறதுன்னே தெரியல. நீங்கதான் எல்லாத்துக்கும் ஒரு வரலாறு சொல்வீங்களே, இதுக்கும் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். படத்தைப் பார்த்த என் துணைவியார், "காபியில சிக்கரி இருக்கா இல்லையான்னே உங்களுக்குத் தெரியாது. உங்ககிட்டப் போய் ஒயினைப் பத்திக் கேக்குறாளே!" என்று சிரித்தார்.

உண்மைதான். நான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. குடியால் சீரழிந்த வீடுகளை நம் ஊரில் நிறையப் பார்த்தவன் நான், யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் அவள் நின்ற அந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொன்னால், நீங்கள் பல பேர் என்னிடம் கேட்ட ஒரு பழைய கேள்விக்கும் பதில் சொன்னதாகும். "எல்லா சாரும் விடைத்தாளில் பெயரை முதல் பக்கத்தில் எழுதச் சொல்றாங்க, நீங்க மட்டும் ஏன் சார் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதச் சொல்றீங்க?" என்பீர்கள். நான் "எழுதுடா, பேசாம" என்று சொல்லிவிடுவேன். இன்று சொல்கிறேன்.

முதலில் ஒயின் எப்படி ஆகிறது என்று பார்ப்போம். வீட்டில் இட்லி மாவு பொங்குகிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. ஒயினும் அப்படித்தான். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1866-இல் ஒயினைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத மதுசாரம் கிடைக்கும். அப்படியானால் 220 கிராம் சர்க்கரை உள்ள சாறு எத்தனை சதவீதம் தரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 13 வரும்.

வெள்ளை ஒயினுக்கும் சிவப்பு ஒயினுக்கும் என்ன வேறுபாடு? கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலும் சாறு நிறமற்றுத்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குத் திராட்சையை முதலில் பிழிந்து, தோலையும் கொட்டையையும் நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிர்ச்சியான தொட்டியில் புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு மூன்று வாரம்கூடப் புளிக்க விட்டு, பிறகு பிழிவார்கள். அதனால்தான் சிவப்பு ஒயினில் நிறத்தோடு துவர்ப்பும் இறங்குகிறது. நாவல் பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. பிறகு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். பிரான்சின் போர்தோ பகுதிப் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், அதாவது முக்கால் லிட்டர் புட்டி 300. அந்த மரத்தின் மணமும் ஒயினில் சேரும். மண், வெயில், மழை, பறித்த நாள், புளித்த சூடு, பீப்பாய் என்று ஒவ்வொன்றும் ருசியை மாற்றும். ஒரே கொடியிலிருந்து ஒரு வருடம் வந்த ஒயின் மறு வருடம் அப்படியே வராது.

இப்படி வருடத்துக்கு வருடம் மாறுகிற ஒன்றுக்கு நிரந்தரமாக ரேங்க் போட முடியுமா? போட்டார்கள். 1855-இல் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதன் பேரில், போர்தோ ஒயின் தரகர்கள் அங்குள்ள சிறந்த தோட்டங்களை ஐந்து தரங்களாகப் பிரித்துப் பட்டியல் கொடுத்தார்கள். ஒவ்வொரு தோட்டத்து ஒயினும் சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதுதான் முக்கிய அளவுகோல். அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது. இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய தோட்டம் ஒன்றே ஒன்று, மூட்டோன் ராத்சைல்ட். அதுவும் 1973-இல்தான், 118 ஆண்டுகள் கழித்து! ஆறாம் வகுப்பில் வாங்கிய ரேங்க்கை ஆயுள் முழுக்கச் சட்டையில் குத்திக்கொண்டு திரிவது போல இல்லையா?

இந்தப் பின்னணியில்தான் 1976 மே 24-ஆம் நாள் வருகிறது. பாரிசில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றிய பட்ரீசியா கல்லகர் என்ற அமெரிக்கப் பெண்மணியும் ஒரு ஓட்டலில் ருசி பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்கா விடுதலை அடைந்த 200-ஆவது ஆண்டு அது. அதை ஒட்டி, கலிபோர்னியா ஒயினைப் பிரெஞ்சு வல்லுநர்களுக்கு அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதில் முடங்கிப்போன தோட்டங்கள் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. பிரான்ஸ் தோற்கும் என்று ஸ்பரியரே எதிர்பார்க்கவில்லை.

நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், துறையில் பழுத்தவர்கள். ஷார்தொனே என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் பத்து. கேபர்னே சாவிஞோன் வகைச் சிவப்பு ஒயின் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸ். பிரான்ஸ் தரப்பில் வந்தவை சாதாரணப் பெயர்கள் அல்ல. சிவப்பில் மூட்டோன் ராத்சைல்டும் ஓ பிரியோனும் இருந்தன. புட்டியின் பெயரை மறைத்து ஊற்றினார்கள். 20-க்கு மதிப்பெண்.

பத்திரிகையாளர்கள் பலரை அழைத்திருந்தும் வந்தவர் ஒருவர்தான், டைம் இதழின் ஜார்ஜ் டேபர். எந்தக் கோப்பையில் எது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. நடுவர்கள் பேசுவதைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். ஒருவர் கலிபோர்னியா ஒயினைப் பருகிவிட்டு, ஆகா, மறுபடி பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். இன்னொருவர் பெயர்பெற்ற பர்கண்டி ஒயினை முகர்ந்துவிட்டு, இதில் மணமே இல்லை, நிச்சயம் கலிபோர்னியாதான் என்றார்.

கூட்டிப் பார்த்தபோது வெள்ளையில் முதலிடம் ஷாதோ மாண்டலீனா 1973, நாபாவைச் சேர்ந்தது. சிவப்பில் முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973, அதுவும் நாபா. அந்தச் சிவப்பைச் செய்த வாரன் வினியார்ஸ்கி அதற்கு முன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், நம்மைப் போல ஒரு வாத்தியார்! அவர் தோட்டத்தில் 1970-இல் நட்ட கொடிகள். அறுவடையின்போது அவற்றுக்கு வயது மூன்று. இரண்டாம் இடத்தில் மூட்டோன் ராத்சைல்ட் 1970. அந்த இரண்டு நாபா ஒயின்களின் புட்டிகளும் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டியிட்ட கலிபோர்னியத் திராட்சை வகைகள் இரண்டும் பிரான்சிலிருந்து போனவை. பிரான்சின் கொடிகளோ பெரும்பாலும் அமெரிக்க வேரில் நிற்பவை! 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அரித்துத் தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கியது. அதில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் தோட்டங்களை மீட்டார்கள். நாம் மாங்கன்றில் ஒட்டுப்போடுவதைப் போலத்தான். பெயரை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியுமா?

பிரெஞ்சு ஒயின் இதழின் ஆசிரியரான ஓடெட் கான் என்ற அம்மையார் நடுவர்களில் ஒருவர். முடிவைக் கேட்டதும், தான் எழுதிய மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் கொடுக்க மறுத்துவிட்டார். எங்கள் ஒயின் வயதாக ஆகத்தான் சிறக்கும், பொறுத்திருந்து பாருங்கள் என்று பிரெஞ்சுத் தரப்பில் பலர் சொன்னார்கள். சரியாக 30 ஆண்டு கழித்து, 2006 மே 24-இல், அதே பத்துச் சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் மறுபடி பெயர் மறைத்து ருசித்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயிற்று. முதலிடம் மட்டும் மாறியிருந்தது, இம்முறை ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971.

அந்த அம்மையாரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். ஏனென்று சொல்கிறேன்.

1993-ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். அரையாண்டுத் தேர்வில் அக்பரின் ஆட்சியைப் பற்றி 8 மதிப்பெண் கேள்வி. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்கு 8-க்கு 8 போட்டேன். கடைசி பெஞ்சில் ஒருவன். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான், வந்தால் சண்டை. அவனுக்கு 3 போட்டேன். தாளை வாங்கியவன் என் மேசை அருகே வந்து, "சார், நானும் எல்லாம் எழுதியிருக்கேனே, ஏன் சார் மூணு?" என்று கேட்டான். "கையெழுத்தைப் பார்த்தியா? போ, போய் உக்காரு" என்றேன். போய்விட்டான்.

அடுத்த மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. திருத்திய விடைத்தாள் பத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கத்தை மடித்து, போட்ட மதிப்பெண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். என் தாள்களைத் திருத்தியவர் வேறு ஊர் ஆசிரியை, என் மாணவர் யாரையும் அறியாதவர். அவன் தாளுக்கு அவர் போட்டது 7. முதல் ரேங்க் தாளுக்கு 6. கையெழுத்து அவருக்கும் அதே கையெழுத்துதான். அவருக்குத் தெரியாதது பெயர் ஒன்றுதான். அன்று இரவு வீட்டில் அந்த விடையை நிதானமாகப் படித்தேன். அக்பர் ஜிசியா வரியை நீக்கியதை வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் காரணத்தோடு எழுதியிருந்தான்.

மதிப்பெண்ணைத் திருத்தியிருக்கலாம். ஆனால் பதிவேட்டில் மையால் ஏற்றியாகிவிட்டது. முன்னேற்ற அட்டையில் அப்பாக்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தலைமையாசிரியரிடம் போய் என்னவென்று சொல்வது என்று கூச்சம். பேசாமல் இருந்துவிட்டேன். அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அந்த 3 மதிப்பெண்ணால்தான் நின்றான் என்று சொல்ல முடியாது, வீட்டில் கஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அந்த வருடத்திலிருந்து ஓய்வு பெறும் வரை என் வகுப்பில் பெயர் கடைசிப் பக்கத்தில்தான். காரணம் இதுதான் பிள்ளைகளே.

நாபாவில் நிற்கும் என் மாணவிக்கு: அம்மா, முப்பதையும் எடுக்காதே. ஒரே திராட்சை வகையில், ஏறக்குறைய ஒரே வருடத்தில் செய்த நாலைந்து எடுத்துக்கொள். ஒன்று விலை கூடியதாகவும் ஒன்று குறைந்ததாகவும் இருக்கட்டும். ஒரு தோழியை விட்டுப் புட்டிகளைக் காகிதப் பையில் போட்டு எண் எழுதச் சொல். ஒரே மாதிரிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்று. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இலேசானதிலிருந்து அழுத்தமானதற்குப் போ. முதலில் நிறத்தைப் பார், பிறகு முகர், பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டு. துப்பிவிடலாம், வல்லுநர்களே துப்பத்தான் செய்கிறார்கள். புளிப்பு, துவர்ப்பு, மணம், வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதி வை. மதிப்பெண்ணை மையால் எழுதிய பிறகுதான் பையைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு அடித்துத் திருத்தக் கூடாது. குடிக்காதவர்கள் இதையே மாம்பழத்திலும் காபித் தூளிலும் செய்து பார்க்கலாம்.

கடைசி பெஞ்சில் இருந்த அந்தத் தம்பிக்கு: இப்போது உனக்கு நாற்பது தாண்டியிருக்கும். இதை யாராவது உனக்குக் காட்டினால் தெரிந்துகொள். அந்த விடைக்கு 7 மதிப்பெண். நான் போட்ட 3 தப்பு. நீ கேட்டது சரியான கேள்வி.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்