பல்செட்டுப் பொடியும் வயிற்றுப் பையும்

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டிக்குள் வயிற்றோடு ஒரு பை ஒட்டியிருந்தாலும் நமக்குத் தெரியாது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வயிற்றில் திறப்போடு வீடு திரும்புகிறவர்கள் பலர். குடலைத் தைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தையல் ஆறும்வரை மலத்தை அந்தத் திறப்பு வழியாகப் பைக்குத் திருப்பிவிடுகிறார்கள். சிலருக்கு அதுவே நிரந்தரம்.

இந்தப் பைக்கு மூதாதை ஒரு பஞ்சு. 1776இல் பிரான்சின் ரூவான் நகரில் ஓர் ஒயின் வியாபாரிக்கு மலக்குடல் கட்டி வழியை அடைத்தது. கனத்தால் அடைப்பு விலகும் என்று ஏறத்தாழ ஒரு கிலோ பாதரசம் குடிக்கவைத்தார்கள். பலிக்கவில்லை. பில்லோர் என்ற மருத்துவர் பெருங்குடலின் தொடக்கத்தை வயிற்றில் திறந்து, மேலே பஞ்சு வைத்துக் கட்டினார். திறப்பு நன்றாகவே வேலை செய்தது. 28ஆம் நாள் வியாபாரி இறந்ததற்குக் காரணம் குடலில் தங்கிய பாதரசம்.

1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடலை முழுதாக அகற்றும் முறையைக் கொண்டுவந்தார். திறப்போடு வாழ்கிறவர்கள் பெருகினார்கள். திறப்பு சிறுகுடலில் என்றால், வழியும் செரிமானச் சாறு தோலையும் தின்னும். துணி பட்டாலே எரியும். மருத்துவப் புத்தகத்தில் இது சின்னச் சிக்கல், பட்டவருக்குச் சின்னதல்ல.

மருந்து நம் காடுகளில் இருந்தது. ஆந்திரா, மத்தியப் பிரதேசப் பழங்குடிகள் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் கராயா பிசின், பாரசீகப் பிசினுக்குக் கலப்படமாகத்தான் முதலில் கப்பலேறியது. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் போலத் தண்ணீர் பட்டால் பொங்கும், ஈரத்திலும் ஒட்டும். அதனால் மேல்நாட்டில் பல்செட்டு நழுவாமலிருக்க இதைப் பொடியாக்கி விற்றார்கள். 1952இல் கிளீவ்லாந்து கிளினிக்கின் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் அதன் ஒட்டும் குணத்தைத் தற்செயலாகக் கவனித்துத் திறப்பைச் சுற்றிப் பூசிப் பார்த்தார். தோல் தப்பியது.

1954இல், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய அதே ஆண்டில், டென்மார்க் நர்ஸ் எலிசே சோரன்சன், வயிற்றில் திறப்போடு வெளியே போகவே தயங்கிய தன் தங்கைக்காக ஒட்டும் பையை யோசித்தார். பிளாஸ்டிக் முதலாளி ஆகே லூயிஸ் ஹான்சனுக்கு அதைச் செய்ய மனமில்லை. அவர் மனைவியும் நர்ஸ் என்பதால் காரியம் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் கோலோபிளாஸ்ட் நிறுவனம்.

கராயாவுக்குப் பின் வந்த பெக்டின் பட்டையும் வாய்ப்புண் மருந்திலிருந்து பிறந்ததே. இன்று நர்ஸ் திறப்பின் அளவுக்கு அதை வெட்டி ஒட்டி, இளகிப் பிடிக்கும்வரை மேலே உள்ளங்கையை வைத்திருக்கச் சொல்வார். பிடிப்பதற்கு அந்தச் சூடு போதும்.