கண்ணாடியில் முகம், அரக்கில் பெட்டி

நம் தண்டையார்பேட்டை வீடுகளில் தாத்தா பாட்டி படம் கண்ணாடிக்குப் பின்னால் மாலையோடு தொங்கும். கண்ணாடியிலேயே முகம் பதிந்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? அதன் பெயர் ஆம்புரோடைப். உள்ளங்கை அளவுப் பெட்டி, ஒரு பக்கம் வெல்வெட் மெத்தை, மறுபக்கம் பித்தளைச் சட்டத்துக்குள் யாரோ ஒருவர். வெளிநாடுகளில் இதைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

1851-ல் லண்டனில் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கிடைப்பது மங்கலான நெகட்டிவ்தான். பின்னால் கறுப்பு வார்னிஷ் அடித்தாலோ கறுப்புத் துணி வைத்தாலோ நிழலும் வெளிச்சமும் இடம் மாறி முகம் தெரியும்!

1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. அதே ஆண்டுதான் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை அவர் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில்தான் எடுத்தார். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம். நம்ம ஊர் வெயிலில் ஈரக் கண்ணாடியோடு கோயில் கோயிலாக அலைவதை நினைத்துப் பாருங்கள்...

என்னைக் கவர்ந்தது பெட்டிதான். 1854-ல் அமெரிக்காவில் சாமுவேல் பெக் காப்புரிமை பெற்ற 'யூனியன் கேஸ்' அரக்கையும் மரத்தூளையும் கலந்து, சூடாக்கி, அச்சில் அழுத்திச் செய்தது. பிளாஸ்டிக்குக்குத் தாத்தா! அரக்கு முக்கியமாக எங்கிருந்து போனது? இந்தியக் காட்டு மரங்களில் பூச்சிகள் உண்டாக்கிய பிசின் அது.

ஆனால் ஒரு வருத்தம். பல சமயம் முகத்தைவிடப் பெட்டிக்கு விலை அதிகம். அதனால் வியாபாரிகள் ஒரு படத்தைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிவிடுகிறார்கள். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதிச் செருகிய காகிதத் துண்டு இருந்தால், அது அந்த மாற்றத்தில் தொலைகிறது. ஆம்புரோடைப்புக்குத் தனி நெகட்டிவ் கிடையாது, அந்தக் கண்ணாடி ஒன்றுதான். பெயர் போனால் அவர் யாரோ ஒருவர், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி எண்ணிமப் பிரதி எடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய படம் ஏதும் இருந்தால் துணியால் துடைக்காதீர்கள். பாட்டியிடம் அது யார் என்று கேட்டு, தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.