கடைவீட்டுக் கதவுகளைத் திறந்து நிறுத்துதல் (ஜார்ஜ் டவுன்)

பினாங்கு லிட்டில் இந்தியாவின் லெபு பாசார், லெபு குயின் தெருக்களில் உள்ள பழைய கடைவீடுகளில், காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைக்கும் ஏற்பாடுகள். துறைமுகம் அருகில் இருப்பதால் மழைக்கு முன் வரும் கடற்காற்று கதவை அறைந்து சாத்திவிடும்.

இரட்டைக் கதவுக்கு இரும்புக் கொக்கியும் வளையமுமே நம்பகமானவை. கொக்கி சுவரில், வளையம் கதவில். மேலிருந்து விழுந்து மாட்டும்படி அமைந்தால் கொக்கி தன் எடையாலேயே நிற்கும். கப்பல், படகுகளின் அறைக் கதவுகளுக்கும் இதே கொக்கிதான். தரையில் செருகும் மரஆப்பு எளிது. ஆனால் ஈரத்தில் வழுக்கும். பலகைக் கதவு அடைத்த கடைகளில் கதவு அறைந்து சாத்தும் சிக்கலே இல்லை: காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியிலிருந்து கழற்றி ஓரமாக அடுக்கிவிடுவார்கள். வீட்டு வாசலில் 'பிந்து பாகார்' எனும் அரைக்கதவு உண்டு. பெரிய கதவு திறந்திருக்க, இது உள்ளறையைத் தெருவின் பார்வையிலிருந்து மறைக்கும். மிக அழகான தீர்வு இதுவே.

பல கடைகளில் இன்று உருட்டுக் கதவுகள் வந்துவிட்டன. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மரபைக் காக்க, வீட்டைப் புதுப்பிப்போர் பழைய கொக்கிகளைக் கழற்றி எறியாமல் துருநீக்கி மீண்டும் பொருத்த வேண்டும்.