கேமிங் மௌஸ்: பெட்டியைப் படிக்குமுன் கையால் பாருங்கள்

நமுனுகுலை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பழுதான மௌஸை மாற்றப் பதுளை நகருக்கு வந்து போனால், அன்றைய நாட்சம்பளம் போய்விடும். அண்ணனும் தங்கையும் ஒரே கணினியைப் பகிரும் லயன் வீட்டில் அந்த மௌஸ் விளையாட்டுக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் இணைய வேலைக்கும் அதுதான். ஆகவே வயர் உள்ள கேமிங் மௌஸ் வாங்கும்போது கட்டமைப்பையே முதலில் பார்க்க வேண்டும். வண்ண விளக்கும் பெரிய டிபிஐ எண்ணும் அதன் ஆயுளைக் கூட்டுவதில்லை.

உடல்: இரு பக்கங்களையும் அழுத்துங்கள். கிரீச்சிட்டாலோ உள்வாங்கினாலோ பிளாஸ்டிக் மெல்லியது. பாரத்தை நம்ப வேண்டாம். சிலவற்றில் பாரத்துக்காகவே இரும்புத் துண்டு வைக்கிறார்கள்.

பட்டன்: இடதும் வலதும் ஒரே மாதிரி அழுந்த வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. கடையிலேயே கணினியில் இணைத்து, ஒரு கோப்பின் மேல் ஒற்றை அழுத்தமாக இருபது முப்பது தடவை சொடுக்குங்கள். கோப்பு தானாகத் திறந்தால் அந்த மௌஸ் வேண்டாம். உள்ளிருக்கும் சிறு சுவிட்சின் உலோகத் தொடுமுனை தேய்ந்தாலோ ஈரத்தில் கறுத்தாலோ ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். ஒளியால் இயங்கும் ஒப்டிகல் சுவிட்சில் இந்தத் தொடுமுனை இல்லாததால் இக்குறை அரிது.

வயர்: யூஎஸ்பி வயருக்குள் பொதுவாக நான்கு மெல்லிய கம்பிகள் உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. அவை பெரும்பாலும் அறுவது, வயர் மௌஸை விட்டு வெளியேறும் கழுத்தில். அங்கே வளையக்கூடிய ரப்பர் உறை இருக்கிறதா, இழுத்தால் வயர் அசைகிறதா என்று பாருங்கள். துணி பின்னிய வயர் வலுவாகத் தெரியும். ஆனால் உள்ளே கம்பி அறுவதை அது தடுக்காது. பாவித்தபின் வயரை மௌஸைச் சுற்றி இறுக்கிச் சுற்றாதீர்கள்.

மேற்பரப்பு: மென்மையான ரப்பர் பூச்சு காலப்போக்கில் பிசுபிசுக்கும். ஹப்புத்தளைப் பனிக்கும் வன்னி வியர்வைக்கும் சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே நல்லது.

அடிப்பக்கம்: வழுக்கும் பாதங்கள் ஓரம் கிளம்பாமல் ஒட்டியிருக்க வேண்டும். திருகாணிகள் பெரும்பாலும் அவற்றின் கீழேதான் இருக்கும். கழற்றக்கூடிய மௌஸ் என்றால், தொலைபேசி திருத்துபவரே சுவிட்சையோ வயரையோ மாற்றிப் பற்றவைத்துத் தரலாம்.

கடைசியாக, உத்தரவாதக் காலம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.