அஷ்டபந்தனமும் பல்லின் பிசினும்

கீழப்பாவூரில் பதினாறு கரத்து நரசிம்மரைத் தரிசித்துத் திரும்புகையில் எங்கள் பேச்சு அஷ்டபந்தனத்தின் பக்கம் சென்றது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்க்கும் இம்மருந்து, கோயில்களில் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கிறது. தனியே வடித்ததைப் பிசின்கொண்டு அதன் இடத்தில் பொருத்தும் இக்கலை, பல் மருத்துவத்திற்கு வெகு தாமதமாகவே கைவந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புழங்கிய துத்தநாக பாஸ்பேட் சிமெண்ட், பல்லோடு ஒட்டுவதன்று. இடுக்குகளில் இறுகி நிற்பது. ஆகவே, வெளியே செய்த உறை கழலாதிருக்க, பழுதில்லாத பகுதியையும் சுற்றிலும் செதுக்க நேர்ந்தது.

உலோகத்தில் வண்ணம் பற்றுவதற்குத் தொழிற்சாலைகள் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்த மைக்கேல் புவோனோகோர், 1955இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில், எனாமலில் 85 சதவீத அமிலத்தை 30 விநாடி வைத்துப் பார்த்தார். அமிலம் அரித்த நுண்துளைகளில் பிசின் இறங்கிப் பற்றிக்கொண்டது. 1962இல் ரஃபேல் போவன் உறுதியான புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1983இல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானையும் அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று காட்டினர். மெல்லிய பீங்கான் ஓட்டுக்கு அரை மில்லிமீட்டர் அளவு செதுக்கினாலே பெரும்பாலும் போதும்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் ஈரமானது. அதன் கொலாஜன் இழைகளுக்குள் பிசின் ஊடுருவிப் பிணைவதை 1982இல் ஜப்பானின் நகபயாஷி விளக்கினார். எனினும் ஈரம் அப்பிணைப்பை ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்த்துகிறது. அஷ்டபந்தனத்தையும் 12 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கத்தானே செய்கிறோம்? தளர்ந்த ஒட்டை மறுபடி ஒட்டலாம். செதுக்கிய பல் திரும்ப வளர்வதில்லை.