தெருவுக்குக் கிடைத்த பரிசு

எம்டன் கப்பலைத் தமிழர்கள் மறப்பதில்லை. 1914இல் சென்னையில் குண்டு போட்ட அந்த ஜெர்மானியக் கப்பல் அடுத்த மாதமே மூழ்கடித்த சரக்குக் கப்பல்களில் ஒன்றில், உலக நகரங்களைப் பற்றிய ஒரு கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைச் சேர்த்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ். கண்காட்சி கடலில் போனபின்னும் அவர் ஊர் திரும்பவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். ஓரிரு ஆண்டு கழித்து, பிளேக் பரவியிருந்த இந்தூர் சமஸ்தானம் அவரை அழைத்தது. அங்கே தீபாவளிக்கு ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்த கெடிஸ், வழக்கமான பாதையில் அது போகாது என்றும், எந்தத் தெருக்காரர்கள் வீடுகளைப் பழுதுபார்த்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்றும் முன்கூட்டியே அறிவித்தார். ஊரே விளக்குமாற்றை எடுத்தது. ஊர்வல முடிவில் பிளேக் எலியின் பெரிய உருவம் கொளுத்தப்பட்டது. இந்திய நகரமைப்பில் பரிசுகளின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். அந்தப் பரிசைப் பெற்றது தெருவில் குடியிருந்த மக்கள். அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் பரிசு வரைபடம் போட்டவர் கைக்குப் போய்விட்டது. இந்த மாற்றத்தால் நகரமைப்புக்கு நேர்ந்த நட்டம் என்ன என்பதை அறிய, மும்பையின் கிழக்கு ஓரத்திலுள்ள தேவ்நாரைப் பார்க்க வேண்டும்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளின் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் அந்த அறக்கட்டளையின் சாதனைகள். தமிழ் நடுத்தர வர்க்கம் வேரூன்றிய மாட்டுங்காவை இன்றும் முன்மாதிரி என்று காட்டுவார்கள். ஆனால் ஒரு நகரம் ஒரு பக்கம் சுத்தமாகும்போது அதன் அழுக்கு இன்னொரு பக்கம் போயாக வேண்டும். அது போன இடம் செம்பூர், தேவ்நார் சதுப்பு நிலம். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் ரயில் பாதை போட்டது குப்பை வண்டிகளுக்காக. அதில் மனிதர்கள் பயணம் செய்யத் தொடங்கியது 1924இல்தான். 1927 முதல் தேவ்நார் நகரத்தின் குப்பைமேடு. 1971இல் இறைச்சிக்கூடமும் அங்கேயே வந்து சேர்ந்தது. 2009இல் மும்பை மாநகராட்சி வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கையில், தேவ்நாரை உள்ளடக்கிய எம் கிழக்கு வார்டு பெற்ற குறியீட்டு மதிப்பு 0.05. நகரின் 24 வார்டுகளிலும் கடைசி. மாட்டுங்காவும் தேவ்நாரும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும். வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துப் பாராட்டு வழங்குவது கணக்குப் பார்ப்பது ஆகாது.

உதவித்தொகையின் கதையும் இதே போக்கில்தான் நடந்தது. கெடிஸ் 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறைக்குப் பேராசிரியரானார். வெளிநாட்டில் படிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, பம்பாய் நகரத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதித் தேர்வானவர் ஜி.எஸ். குர்யே. லண்டன் போய், அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1924இல் துறைத் தலைவரானார். பெரிய அறிஞர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் 1932இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூல் சாதியையும் இனத்தையும் பற்றியது. நகரத்தைப் படிப்பதற்காகக் கிடைத்த பணம், படித்தவரை நகரத் தெருவிலிருந்து நூலகத்துக்குக் கூட்டிப்போய்விட்டது. இதற்கு நேர்மாறான சான்றும் அதே ஊரில் உண்டு. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போன அம்பேத்கரின் குடும்பம் பரேலில் குடியிருந்தது மேற்சொன்ன அறக்கட்டளை கட்டிய, சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில்தான். சால் வீட்டில் வாழ்ந்தவருக்குக் கிடைத்த அந்தத் தொகை நாட்டையே மாற்றியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியதிலும் அவர் கை உண்டு. உதவித்தொகையின் கதையும் தேவ்நாருக்கே வந்து சேர்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் நாக்பாடாவில் பிறந்து 1954இல் தேவ்நாருக்கு வந்தது. நகரக் கொள்கையும் அங்கே பாடமானது. அந்த வளாகத்தில் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததே, அரசு உதவித்தொகைக்கு உரியவர்களுக்கு நிறுவனம் அளித்துவந்த கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதற்கு எதிராகத்தான். யாருக்குப் படிக்கப் பணம் கிடைக்கிறதோ அவர் கண்ணில் பட்ட நகரம்தான் திட்டத்தில் இடம்பெறும். ஆகவே இதை நிதி நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தேவ்நாருக்குப் பக்கத்திலேயே, எந்தக் கல்லூரியும் அனுப்பாத ஒரு நகரமைப்பாளர் வாழ்ந்தார். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1960களில் பம்பாய் வந்து, மான்கூர்டு ஜனதா காலனியில் தங்கிய ஜோக்கின் அற்புதம். காலனிக் குப்பையை யாரும் அள்ளாதபோது, பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் கட்டச் சொல்லி நகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தார். அந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவைப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1976 மே மாதம், அவசரநிலைக் காலத்தில் காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம்: எண்ணப்படாதவர்களை இடிப்பது எளிது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை அவர் நடத்திவந்தார். டாடா நிறுவனத்தில் படித்த ஷீலா பட்டேலும் தோழர்களும் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பு, மறு ஆண்டே நடைபாதைவாசிகளான ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் குழுக்கள் தாங்களே வீட்டை வடிவமைத்து, முழு அளவில் மாதிரி கட்டிக் காட்டின. இந்த மூன்று அமைப்புகளும் கைகோத்தபின் அந்த முறை ஆப்பிரிக்காவரை போனது. 2000இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் என்று கவனியுங்கள்: அமைதியும் பன்னாட்டுப் புரிதலும். 2011இல் வந்த பத்மஸ்ரீயும் சமூகப் பணிக்கு. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது நில அளவை, வீட்டு வடிவமைப்பு, கழிப்பறை அமைப்பு, மறுகுடியமர்வு. அதை நகரமைப்பு என்று அழைக்க விருதுக் குழுக்களுக்கு மனம் வரவில்லை.

அவருக்கு வடிகாலின் சரிவைக் கணக்கிடத் தெரியுமா, எண்ணிப் பார்ப்பதெல்லாம் திட்டமிடுதலாகிவிடுமா என்று தொழில்முறையாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கழிவுநீர்க் குழாய் போடப் பொறியாளர்தான் வேண்டும்; உணர்ச்சி மட்டும் தண்ணீரை ஓடவைக்காது. ஆனால் முதலில் ஊரை அறி, பிறகு திட்டமிடு என்பதுதான் கெடிஸ் இந்தத் தொழிலுக்கே வகுத்துக் கொடுத்த விதி. அந்த முதல் பாதியை ஜோக்கினைவிட நன்றாகச் செய்தவர் நம் நகரங்களில் யார்? இரண்டாம் பாதிக்கு மட்டும் பதக்கம் கொடுக்கும் தொழில், முதல் பாதியைச் செய்ய மறந்துபோகும். மும்பையில் அதுதான் நடந்தது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மக்கள் பங்கேற்ற திட்டங்கள் மட்டும் வென்றனவா? உலக வங்கி நிதியில் நடந்த நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக, ரயில் பாதையோரம் இருந்தவர்களை மான்கூர்டு பக்கம் குடியமர்த்தியதில் இதே அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. அந்தத் திட்டத்தின் மறுகுடியமர்வு பற்றி எழுந்த புகார்களால் 2006இல் உலக வங்கி சில பகுதிகளுக்கு நிதியை நிறுத்திவைத்தது. அங்குள்ள லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் இல்லாததற்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் ஒரு மருத்துவக் குழுவின் ஆய்வு சுட்டிக்காட்டியது. இவற்றை மறைத்துவிட்டு ஜோக்கினைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் இந்தச் சான்று என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஒரு குடியிருப்பு நல்லதா என்பது திறப்பு விழா அன்று தெரியாது. மீண்டும் இந்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிசைப் பகுதிகளைக் கழிவுநீர்க் குழாயால் நகரத்தோடு இணைத்த திட்டத்துக்கு 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நேரில் ஆய்வாளரை அனுப்பிப் பார்த்துத்தான் அந்த விருதைக் கொடுப்பார்கள். அப்படியும், நகரமைப்பாளரான கீதா திவான் வர்மா 2002இல் வெளியிட்ட நூலில், களத்தில் அந்தத் திட்டம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று கடுமையாக எழுதினார். முதல் இந்தூர்ப் பரிசுக்கு நடுவர்கள் தேவைப்படவில்லை. ஊர்வலம் போன தெருவைப் பார்த்தவர்கள் அனைவரும் நடுவர்கள். இரண்டாவதில் அங்கே குடியிருந்தவர்களின் தீர்ப்பு கேட்கப்பட்டிருந்தால், பொறியாளருக்கே அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே நகரமைப்பு விருது எதுவானாலும், திட்டம் முடிந்து குறைந்தது பதினைந்து ஆண்டு ஆனபின்தான் கொடுக்க வேண்டும். தேர்வுக் குழுவில் பாதிப்பேர் அந்த இடத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். காலம் கடந்த பரிசு இளம் வல்லுநருக்கு ஊக்கம் தராது என்பார்கள். ஊக்கத்துக்கு உதவித்தொகை இருக்கிறது. அது முன்கூட்டியே கிடைப்பதுதான் முறை. மும்பைத் தமிழ் அமைப்புகள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும் வழக்கம் பழையது. சீத்தா கேம்பிலோ கோவண்டியிலோ தாராவியிலோ வளரும் ஒரு பெண் நகரமைப்பு படிக்க, ஐந்தாண்டுக் கட்டணத்தையும் வீட்டுச் செலவையும் ஏற்கும் ஓர் உதவித்தொகையை ஜோக்கின் அற்புதம் பெயரில் அவை தொடங்க வேண்டும். அவர் 2018 அக்டோபரில் மறைந்தார். இனியும் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.